பெற்றோர் குழுவில் சாதாரணப் பதிவு வேஷத்தில் விளம்பரம்: எப்படிப் பிடிப்பது, எது சட்டப்படி தவறு?

கேள்வி: குழுநிர்வாகி_மதுரை

குழந்தை வளர்ப்புக்கான தமிழ் ஃபேஸ்புக் குழு ஒன்றை நிர்வகிக்கிறோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தாய்மார்கள், அதிலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களே அதிகம். வெளிப்படையாக விலை போட்டு வரும் விற்பனைப் பதிவுகளை உடனே நீக்கிவிடுகிறோம். தலைவலி கொடுப்பது வேறு வகை.

ஒருவர் வந்து, "பாப்பாவுக்கு 6 மாசம் முடியுது, வெயிட்டே ஏறல, எந்தச் சத்து மாவு குடுக்கலாம்?" என்று கேட்கிறார். அரை மணி நேரத்துக்குள் நாலைந்து பேர் ஒரே பிராண்டைச் சொல்கிறார்கள். "நானும் அதான் குடுத்தேன், ஒரே மாசத்துல நல்லா வெயிட் போட்டுச்சு" என்ற வரி சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்ப வருகிறது. யாராவது எங்கே கிடைக்கும் என்றால் "இன்பாக்ஸ் பாருங்க சிஸ்". டயாப்பர், மசாஜ் எண்ணெய், கதை சொல்லும் ஆப் என்று எல்லாவற்றுக்கும் இதே பாணிதான்.

இதை உண்மையான அனுபவப் பகிர்விலிருந்து எப்படிப் பிரித்தறிவது? இந்தியாவில் இதற்கு என்ன விதி இருக்கிறது? "விளம்பரம்" என்று எழுதச் சொல்லி அனுமதித்தால் போதுமா, நீக்கவே வேண்டுமா? உண்மையாகவே கேட்க வரும் அம்மாக்களைச் சந்தேகப்பட்டு விரட்டிவிடக் கூடாது என்பதும் முக்கியம்.

---

பதில்: தடம்_பார்ப்பவர்

புகழ்ச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல பொருளை நாலு பேர் புகழ்வது இயற்கை. பார்க்க வேண்டியது, கேட்டவருக்கும் சொன்னவர்களுக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள தொடர்பை.

குழுவுக்குள் ஒரு உறுப்பினரின் பெயரைத் தட்டினால் அவர் அந்தக் குழுவில் மட்டும் போட்ட பதிவு, கருத்து எல்லாம் வரிசையாக வரும். முதலில் அங்கே போங்கள். நிஜமான அம்மாவின் வரிசையில் தடுப்பூசிக் காய்ச்சல், தூக்கம், மலச்சிக்கல், மாமியாரோடு வந்த வாக்குவாதம் எல்லாம் கலந்திருக்கும். மறைமுக விளம்பரத்தை விதைக்க வந்த கணக்கில் சேர்ந்த தேதிக்குப் பிறகு நீண்ட மௌனம், பிறகு திடீரென்று பிராண்டுப் பெயர் உள்ள கருத்துகள் மட்டும். குழந்தையின் வயதையும் ஒப்பிடுங்கள். மார்ச்சில் 6 மாதக் குழந்தை என்றவர் செப்டம்பரில் 4 மாதக் குழந்தை என்றால், கணக்குக்குப் பின்னால் இருப்பது ஒரு அம்மா அல்ல, விளம்பர வேலைப்பட்டியல்.

அடுத்து, திருத்த வரலாறு. "எடிட்டட்" என்ற குறி இருந்தால் அதைத் தட்டிப் பழைய வடிவத்தைப் பார்க்கலாம். முதலில் பொதுவான கேள்வியாகப் போட்டு, லைக்கும் கருத்தும் சேர்ந்த பிறகு பிராண்டுப் பெயரையோ இணைப்பையோ உள்ளே நுழைப்பது மிகவும் பழகிய உத்தி. நீங்கள் ஒப்புதல் கொடுத்தது பொதுக் கேள்விக்கு. உறுப்பினர்கள் படிப்பது விளம்பரத்தை.

இணைப்பு இருந்தால் அதைத் திறக்காமல் நகலெடுத்து ஒரு குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதிதான் கதை சொல்லும். அமேசான் இணைப்பில் "டேக்" (tag) என்ற ஆங்கிலச் சொல்லும் சமக்குறியும் ஒரு பெயரும் இருந்தால், அது கமிஷன் இணைப்பு. அந்தப் பெயருக்குப் பணம் போகும். ஆள் பெயரில் வரும் தள்ளுபடிக் குறியீடும் ("பிரியா10" போல) அப்படித்தான். சுருக்கிய இணைப்பாக இருந்தால், அதை விரித்துக் காட்டும் தளத்தில் போட்டு முழு முகவரியைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கருத்துகளில் குறை சொன்னவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். இது முக்கியமான தடயம், பலரும் விட்டுவிடுவது. அமெரிக்காவில் சண்டே ரைலி என்ற அழகுப்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களை வைத்தே செஃபோரா தளத்தில் பொய் மதிப்புரை எழுதவைத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2019-இல் வழக்குப் போட்டது. ஊழியர்களுக்குப் போன குறிப்பில் புதுப் பெயரில் கணக்குத் தொடங்குவது, இருப்பிடம் தெரியாமலிருக்க வி.பி.என். போடுவது ஆகியவற்றோடு, எதிர்மறை மதிப்புரையைக் கண்டால் "டிஸ்லைக்" போடுங்கள் என்பதும் இருந்தது. உங்கள் குழுவிலும் அப்படித்தான் பாருங்கள்: "என் பிள்ளைக்கு ஒத்துக்கலை" என்று ஒருவர் எழுதியதும் மூன்று பேர் ஒன்றாக வந்து "நீங்க சரியா கலக்கியிருக்க மாட்டீங்க" என்றால், அந்த மூவரின் வரிசையையும் திறந்து பாருங்கள்.

எதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றால்: புதுக் கணக்கு, படமில்லாத கணக்கு, எழுத்துப்பிழை. வீட்டாருக்குத் தெரியாமல் கேள்வி கேட்பதற்காகவே தனிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர். ஒரு அடையாளம் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று சேர்ந்து வந்தால் தனிச்செய்தியில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைக் காசு கொடுத்து வாங்கினீங்களா? விற்பவரோட ஏதாவது தொடர்பு உண்டா?" பொதுவெளியில் யாரையும் "விளம்பர ஏஜென்ட்" என்று எழுதாதீர்கள்.

---

பதில்: நுகர்வோர்_மேசை

விதிகள் பற்றி. இந்தியாவில் இரண்டு அடுக்கு இருக்கிறது.

ஒன்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி. சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கான (இன்ஃபுளூயன்சர்கள்) அதன் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. பணம் மட்டுமே தொடர்பு என்று அவை சொல்லவில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, போட்டியில் இலவச நுழைவு, பயணம், ஓட்டல் தங்கல், வேலை உறவு, குடும்ப உறவு எல்லாமே "பொருள்சார்ந்த தொடர்பு" என்பதில் அடங்கும். ஆகவே "காசு வாங்கலை, பாக்கெட் மட்டும் அனுப்பினாங்க" என்பது விலக்கு ஆகாது. வருமான வரிச் சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது: 2022 ஜூலை 1 முதல், ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இப்படிப்பட்ட பலன்களுக்கு 10% டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்று பிரிவு 194ஆர் வந்தது. அனுப்பிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலன் ஆகாது, வைத்துக்கொண்டால் பலன் என்று வரி வாரியம் அப்போதே தெளிவுபடுத்தியது.

இரண்டாவது அடுக்கு சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-இல் அறிவித்த வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. பரிந்துரைப்பவர் பிரபலமாக இருக்க வேண்டியதில்லை. 200 பேர் பின்தொடரும் அம்மாவும் அதில் அடக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 21-இன்கீழ் உற்பத்தியாளருக்கோ பரிந்துரைத்தவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்தவரை 1 ஆண்டு, மறுமுறை 3 ஆண்டு வரை எந்தப் பரிந்துரையும் செய்யக் கூடாது என்று தடுக்கலாம். சொல்வது உண்மைதானா என்று முறையாகச் சரிபார்த்தவருக்கு இந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு உண்டு.

"விளம்பரம்" என்ற அடையாளத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாற்றுகிறார்கள். எழுத்துப் பதிவில் "மேலும் காண்க" என்பதைத் தட்டாமலே தெரியும்படி முதல் இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும். முப்பது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்துவைப்பதும், சுயவிவரப் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டுச் சும்மா இருப்பதும் செல்லாது. வீடியோவாக இருந்தால் 15 விநாடி வரை உள்ளதற்குக் குறைந்தது 3 விநாடி. 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20-இல் வெளியிட்ட கையேடு, வீடியோவில் எழுத்தாகவும் குரலாகவும் இரண்டிலும் சொல்ல வேண்டும் என்கிறது; பரிந்துரை எந்த மொழியிலோ அடையாளமும் அதே மொழியில். தமிழில் பேசிவிட்டு ஓரத்தில் "கோலாப்" என்று மட்டும் பொடி எழுத்தில் போட்டால், படிக்கும் அம்மாவுக்கு அது எதையும் சொல்லாது.

---

பதில்: பாலூட்டல்_ஆலோசனை

மேலே சொன்னது டயாப்பர், எண்ணெய், பொம்மை, ஆப் ஆகியவற்றுக்குச் சரி. ஆனால் கேள்வியில் முதல் உதாரணமே 6 மாதக் குழந்தைக்கான சத்து மாவு. அங்கே "விளம்பரம்" என்று எழுதினாலும் தீராது. அந்த விளம்பரமே தடை செய்யப்பட்டது. தயவுசெய்து இதை உங்கள் மட்டுறுத்துநர்கள் (மாடரேட்டர்கள்) எல்லோருக்கும் சொல்லுங்கள்.

1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் சட்டம், 2003-இல் திருத்தப்பட்டது. அதன் பிரிவு 3 இந்த மூன்றையும் யாரும் விளம்பரப்படுத்தவோ, விளம்பரம் வெளியிடுவதில் பங்கெடுக்கவோ கூடாது என்கிறது. "குழந்தை உணவு" என்றால் எந்தப் பெயரில் விற்றாலும், 6 மாதத்துக்குப் பிறகு 2 வயது வரை தாய்ப்பாலுக்குத் துணை உணவு என்று சந்தைப்படுத்தப்படும் எதுவும். டப்பாவில் வரும் செரியல், பாக்கெட்டில் வரும் "முதல் உணவு" கஞ்சி மாவு, "7 மாசத்திலிருந்து குடுக்கலாம்" என்று விற்கும் வீட்டுத் தயாரிப்புச் சத்து மாவு எல்லாம் இந்த வரையறைக்குள் வந்துவிடும். பால் புட்டி என்பதில் அதன் நிப்பிளும் சேரும்.

பிரிவு 4 இன்னும் நேரடியானது. விற்பனையை வளர்ப்பதற்காக மாதிரிப் பாக்கெட் கொடுப்பது, பரிசு கொடுப்பது மட்டுமல்ல, கர்ப்பிணியையோ கைக்குழந்தையின் தாயையோ தொடர்புகொள்வதே தடை. உங்கள் குழுவில் "இன்பாக்ஸ் பாருங்க சிஸ்" என்று நடப்பது, விற்பவர் தரப்பிலிருந்து வந்தால், இதுதான். "முதல் 20 அம்மாக்களுக்கு இலவச சாம்பிள்" என்ற பதிவும் இதுதான்.

உணவு விற்பதையோ, ஒரு தாய் இன்னொரு தாய்க்குத் தன் அனுபவத்தைச் சொல்வதையோ சட்டம் தடுக்கவில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் முறையை யாராவது எழுதினால் தாராளமாக இருக்கட்டும். அப்படிப்பட்ட பதிவுகள் பெருக வேண்டும்.

விதைப்புப் பதிவு ஏன் எப்போதும் ஆறாம் மாதத்தைப் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அடையாளம் காண்பது எளிது. பிறந்த எடை சுமார் 5 மாதத்தில் இரட்டிப்பாகி, 1 வயதில் மூன்று மடங்காவது பொதுவான போக்கு. கணக்குப் பார்த்தால் 6 மாதத்துக்குப் பிறகு எடை ஏறும் வேகம் இயல்பாகவே குறைகிறது. முதல் ஆறு மாதம் மளமளவென்று ஏறியதைப் பார்த்த தாய்க்கு இது பயத்தைக் கொடுக்கும். அந்தப் பயத்துக்கு விற்கப்படுவதுதான் "வெயிட் போடும்" மாவு. ஆகவே "வெயிட் ஏறல" என்ற எந்தப் பதிவிலும் மட்டுறுத்துநரின் முதல் கருத்து இதுவாக இருக்கட்டும்: தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் கடைசி மூன்று எடைகளையும் குறித்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். கோடு மேலே போகிறதா, படுக்கிறதா, கீழே இறங்குகிறதா என்பதே பதில். படுத்தாலும் இறங்கினாலும் குழுவில் காத்திருக்கக் கூடாது.

இது சிறு கடைக்காரர்களின் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், 2021 ஜனவரி முதல் ஜூன் வரை பதிவான சுமார் 40 லட்சம் சமூக ஊடகப் பதிவுகளை அலசினார்கள். அவை 247 கோடிப் பேரைச் சென்றடைந்திருந்தன. பணம் பெற்ற செல்வாக்காளர்கள், ஆலோசனைக் குழுக்கள், "பேபி கிளப்"கள், ஆப்கள் வழியாகப் பால்மாவு நிறுவனங்கள் தாய்மார்களை அணுகுவதை அந்த அறிக்கை விரிவாகக் காட்டுகிறது. உங்களுடையது போன்ற ஒரு குழுதான் அவர்கள் தேடும் இடம்.

---

பதில்: சிறுதொழில்_சந்தை

விற்பவர் தரப்பிலிருந்து ஒரு சந்தேகம். குழந்தைகளுக்கான துணி, மரப்பொம்மை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஃபேஸ்புக் விளம்பரத்துக்குச் செலவிட முடியாது. பத்து அம்மாக்களுக்குப் பொருளைக் கொடுத்து "உண்மையா எழுதுங்க" என்று கேட்பதுகூட மறைமுக விளம்பரமா? அப்படியானால் சிறியவர்கள் எப்படித்தான் பெயர் வாங்குவது?

---

பதில்: நுகர்வோர்_மேசை

கொடுக்கலாம். மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். பொருளோடு அனுப்பும் குறிப்பிலேயே இரண்டு வரி சேருங்கள்: "இதைப் பற்றி எழுதினால் முதல் வரியில் 'இந்தப் பொருளை விற்பவர் இலவசமாகக் கொடுத்தார். விளம்பரம்.' என்று போடுங்கள். குறை இருந்தால் குறையையும் எழுதுங்கள்." அந்தக் குறிப்பின் நகலை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேள்வி வந்தால் நீங்கள் மறைக்கச் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் சான்று. "நல்லதா எழுதினா அடுத்த ஆர்டர்ல 100 ரூபாய் தள்ளுபடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். புகழ்ச்சிக்கு விலை வைத்த பிறகு அதை அனுபவம் என்று சொல்ல முடியாது.

தங்கை கடை, மாமா மகன் கம்பெனி என்றாலும் அதே முதல் வரியில்: "இது என் தங்கையின் கடை." உறவைச் சொல்லிவிட்டுப் பரிந்துரைத்தால் வாங்குபவர்கள் ஓடிவிட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால்தான் ஓடுவார்கள்.

---

குழுநிர்வாகி_மதுரை

எல்லோருக்கும் நன்றி. குழந்தை உணவுக்குத் தனிச் சட்டம் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது அமைப்பில் என்ன மாற்றலாம்? பெயர் மறைத்துப் போடும் அனானிமஸ் பதிவை நிறுத்திவிடலாமா? புகார் கொடுக்க வேண்டியிருந்தால் யாரிடம், எதை வைத்து?

---

பதில்: தடம்_பார்ப்பவர்

அனானிமஸ் பதிவை நிறுத்தாதீர்கள். பேறுகால மனச்சோர்வு, வீட்டு வன்முறை பற்றிக் கேட்க அது ஒன்றே வழி. உறுப்பினர்களுக்குத்தான் பெயர் தெரியாது. நிர்வாகிகளுக்கும் மட்டுறுத்துநர்களுக்கும் தெரியும். அதை வைத்துச் சோதியுங்கள்.

சேரும்போது கேட்கும் மூன்று கேள்விகளில் ஒன்றை "குழந்தைகளுக்கான பொருள் ஏதாவது விற்கிறீர்களா, விற்பவரிடம் வேலை செய்கிறீர்களா?" என்று மாற்றுங்கள். பொய் சொல்லிச் சேர்ந்தவரை நீக்கும்போது விவாதத்துக்கு இடமிருக்காது. அட்மின் அசிஸ்டில் (பதிவுகளைத் தானாகவே வடிகட்டும் ஃபேஸ்புக் குழு வசதி) இரண்டு விதி போடுங்கள்: குழுவில் சேர்ந்து சில நாள்கூட ஆகாதவர்களின் பதிவு ஒப்புதலுக்குக் காத்திருக்கட்டும், இணைப்பு உள்ள பதிவு தானாக நிராகரிக்கப்படட்டும். சொல் எச்சரிக்கைப் பட்டியலில் பிராண்டுப் பெயரை மட்டும் சேர்த்தால் போதாது. "இன்பாக்ஸ்", "டி.எம்.", "வாட்ஸாப்", "கோட்", "சாம்பிள்" ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலும் தங்கிலீஷ் எழுத்திலும் சேர்க்க வேண்டும். சொற்களை "செ*ரி*யல்" என்று நட்சத்திரக் குறியிட்டு உடைத்து எழுதுவார்கள். அதற்கு வாரம் ஒருமுறை கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நீக்குவதற்கு முன் சான்றை எடுங்கள். பலர் கோபத்தில் முதலில் நீக்கிவிட்டு, பிறகு காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். பதிவின் நேரத்தைத் தட்டினால் அதற்கான தனி முகவரி வரும்; அதை நகலெடுங்கள். கருத்துகள் முழுவதையும் விரித்து, தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திருத்த வரலாறு, கணக்கின் சுயவிவர முகவரி, இன்பாக்ஸில் வந்த செய்தியைப் பெற்றவரின் சம்மதத்தோடு அதன் படம். பாக்கெட் இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணையும் குறித்துவையுங்கள்; பதிவு பெற்ற தயாரிப்பாளர் யார் என்பதை அதைக்கொண்டு தேடலாம்.

---

பதில்: நுகர்வோர்_மேசை

புகார்: பொது விளம்பரங்களுக்கு ஆஸ்கியின் வாட்ஸாப் எண் 77100 12345 அல்லது அவர்களின் இணையதளம். அவர்களால் அபராதம் விதிக்க முடியாது. திருத்தவோ திரும்பப் பெறவோ சொல்வார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். பலரைப் பாதிக்கும் விளம்பரம் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17-இன்படி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்திலோ மின்னஞ்சலிலோ புகார் கொடுக்கலாம்; டெல்லிக்கு எழுத வேண்டும் என்ற அவசியம் இல்லை. குழந்தை உணவு, புட்டி, பால்மாவு என்றால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீறல்களைக் கண்காணிக்க அரசு அறிவிக்கை செய்த அமைப்புகளில் ஒன்றான இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்புக்கும் அனுப்புங்கள்.

---

குழுநிர்வாகி_மதுரை

குழுவின் உச்சியில் எப்போதும் தெரியும்படி "பின்" (pin) செய்யப்போகும் விதியின் வரைவு இது. திருத்தம் சொல்லுங்கள்:

"2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பாக்கெட் உணவு, பால்மாவு, பால் புட்டி ஆகியவற்றை விற்பவரோ அவர் சார்பில் எவருமோ இங்கே பரிந்துரைக்கக் கூடாது, அடையாளம் போட்டாலும் நீக்கப்படும். மற்ற பொருள்களை இலவசமாகவோ பணம் பெற்றோ உறவின் காரணமாகவோ பரிந்துரைத்தால், முதல் வரியில் 'விளம்பரம்' என்றும் தொடர்பு என்ன என்றும் எழுத வேண்டும். விற்பனைக்காக உறுப்பினரின் இன்பாக்ஸுக்குப் போகிறவர் நீக்கப்படுவார். காசு கொடுத்து வாங்கியவரின் அனுபவத்துக்கு எந்தத் தடையும் இல்லை."

---

பதில்: பாலூட்டல்_ஆலோசனை

நன்றாக இருக்கிறது. இரண்டு சேர்க்கை. "பாக்கெட் உணவு" என்பதை "எந்தப் பெயரிலும் விற்கப்படும் உணவு" என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் டப்பா, ஜாடி என்று வாதம் வரும். "மருத்துவரே சொன்னார்" என்று பிராண்டோடு சேர்த்து வரும் வரிகளையும் நீக்குவோம் என்று எழுதுங்கள். சுகாதாரப் பணியாளருக்கு நிறுவனம் பணமோ பரிசோ கொடுப்பதும் அதே சட்டத்தில் தடை என்பதால், பெயர் சொல்லாத மருத்துவரின் சான்று இங்கே யாருக்கும் உதவாது.

---

பதில்: தடம்_பார்ப்பவர்

விதி நிர்வாகிகளுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி வேண்டும். பெரிய குழுக்களில் பிராண்டுகள் முதலில் அணுகுவது உறுப்பினர்களை அல்ல, நிர்வாகிகளைத்தான்: போட்டி நடத்த, அட்டைப் படம் மாற்ற, ஒரு பதிவை ஒரு வாரம் பின் செய்து வைக்க. பிறந்தநாள் போட்டிக்குப் பரிசு கொடுத்த டயாப்பர் கம்பெனியின் பெயர் உங்கள் அறிவிப்பில் வந்தால், அந்த அறிவிப்பின் முதல் வரியிலும் "விளம்பரம்" என்று இருக்க வேண்டும்.